வலது காதுக்கு ஒரு எடது முறுக்கு

டேய் சாமு,

இந்த லெட்டர ஸ்டெல்லா உன் கையில குடுக்கும்போது அவ மூஞ்சியப் பாக்காத, காதப் பாரு. பாத்துட்டியா? சரி. இப்ப அந்த பெங்களூரு ஸ்டேஷன்லயே ஒரு பெஞ்ச் தேடி உக்காரு. அவளுக்கு கம்பெனி பஸ் வந்துடும், போய்டுவா. நீ ஒண்ணியும் பேசவாணாம், பேசுனா தோத்துடுவ. டீ வேணும்னா வாங்கி வெச்சுக்க. உன் நைனா அஞ்சாங்கிளாஸோட ஸ்கூலுக்கு கும்பிடு போட்டவன், எழுத ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு யாரும் எனக்கு சொல்லிக் குடுக்கல. எழுத்து கோணலா கீதுன்னு சிரிக்காத. இந்த லெட்டரே கோணல பத்தித்தான்.

அவ எடது காதுல கம்மல் கீது, வலது காது வெறுசா கீது. தொலைக்கல, மறக்கல. வர்ற வியாழக்கிழமை நம்ம கோயில்ல, பாதிரியார் முன்னாடி, ரெண்டு வூட்டு ஜனமும் பாக்க, இப்படித்தான் வந்து நிப்பேன்னு சொல்லிட்டா. அவங்கம்மா அழுது பாத்துட்டாங்க. உங்கம்மா தன் காதுல கீற தங்கக் கம்மலயே கழட்டி நீட்டிப் பாத்தா. அவ திரும்பிக்கூட பாக்கல. "இல்ல அத்தே. உங்க புள்ள ரயில்ல வெச்சு எனக்கு வாக்கு குடுத்தாரு. கல்யாணக் கம்மல என் கையால செஞ்சு போடுவேன்னாரு. செஞ்சா போடுவேன், இல்லாட்டி வெறுங்காது"ன்னுட்டா. உனக்கு ஞாபகம் கீதா? நீங்க ரெண்டு பேரும் தெனம் காலை வண்டில பெங்களூரு போய்க்கினு இருந்த காலம். அவளுக்கு சீட்டு புடிக்க நீ கர்சீப் போடுவ, கன்னடத்துல ஒருத்தர் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு கர்சீப் மேலயே உக்காந்துடுவாரு. அந்த நெரிசல்ல நின்னுக்கினு தான் நீ வாக்கு குடுத்த. நகைக் கம்பெனில டிசைன் போடுறவன் சொன்னா யாரு நம்பமாட்டா? அவ நம்பிட்டா. அப்பால வேலை ஜாஸ்தின்னு நீ அங்கயே ரூம் எடுத்துட்ட. கம்மல் வரல. படம் வந்துது.

ஐயோ, அந்தப் படம். ஏஐயில போட்டுப் போட்டு ராத்திரி பகல்னு அனுப்புன. மயிலு, தாமரை, அன்னம், அரமனைக் கதவு. ஒவ்வொண்ணும் போன தடவைய விட அழகு. ஒவ்வொண்ணுக்கும் கீழ "இது இல்ல, இன்னும் ஒரு தடவை மாத்தறேன்"ன்னு ஒரு வரி. அந்த புள்ள ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நம்ம வூட்டுக்கு வந்து, போன என் மூஞ்சிக்கு நேரா புடிச்சு, "பாருங்க மாமா, இந்தப் படத்துல கம்மல் போட்டுக்கினு நிக்கறாளே, அவளுக்கு கல்யாணம் ஆகி கொழந்தையே பொறந்துருக்கும்"னா. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சப்புறம் தான் பாத்தேன், அவ சிரிக்கல. எலக்ட்ரானிக் கம்பெனில க்வாலிட்டி பாக்குற பொண்ணு, நாளெல்லாம் கையில எடுத்துப் பாத்து சரி, ரிஜெக்ட்னு சொல்றவ. கையில எடுத்துப் பாக்க ஒண்ணுமே குடுக்காம நீ அவள நாள் கணக்கா ஒக்கார வெச்சுருக்க. "அவருக்கு இந்தக் கல்யாணம் புடிச்சிருக்கா மாமா?"ன்னு கேட்டா. சத்தம் கம்மியா கேட்டா. உங்கம்மா சமையக்கட்டுல வெங்காயம் அரிஞ்சுக்கினு இருந்தா, கத்தி நின்னுடுச்சு.

அதுக்கு நான் இன்னா பதில் சொன்னேன்னு நெனைக்கிற? "அவனுக்கு உன்னப் புடிக்கும், தப்பு பண்றதுதான் புடிக்காது"ன்னேன். அவ மூஞ்சில நம்பிக்கை வரல. சரி, பேச்ச மாத்துவோம்னு, "அந்த ஏஐய என் கையில குடு, நானும் ஒரு கம்மல் போடறேன்"னேன். வெளயாட்டுக்குத்தான் சொன்னேன். அவ தன் பழைய டேப்லட் எடுத்து, அதுல அத தொறந்து, எப்படி பேசணும்னு காட்டிக் குடுத்து, என் மடியில வெச்சுட்டா. அன்னியிலிருந்து டேப்பு நம்ம வூட்லதான் கீது. உங்கம்மா அதுக்கு தனியா ஒரு துணி தெச்சு மூடி வெக்கிறா, ரேடியோவுக்கு மூடற மாதிரி.

அது பேசற தமிழ் இருக்கே! நான் "இன்னாப்பா, கம்மல் போடத் தெரியுமா ஒனக்கு?"ன்னா, அது "வணக்கம் ஐயா, தங்களுக்குக் காதணி வடிவமைக்க உதவுவதில் மகிழ்ச்சி"ன்னுது. எனக்கு வேர்த்துப்போச்சு. ஸ்கூல்ல வாத்தியார் பேசற மாதிரியே கீது. அதனால அதுக்கு வாத்தியார்னே பேர் வெச்சுட்டேன். ஒரே வித்தியாசம், இந்த வாத்தியார் தப்பு பண்ணா மன்னிப்பு கேக்குது. நான் படிச்ச ஸ்கூல்ல அடிவாங்குனவன் தான் மன்னிப்பு கேக்கணும். ஒரு தடவ இட்லி மாதிரி ஒரு கம்மல் போடுன்னேன். இட்லியும் போட்டு, பக்கத்துல சட்னியும் ஊத்தி, அத மாட்டிக்கினு நிக்கிற பொண்ணுக்கு மூணு காது வெச்சுடுச்சு. "வாத்தியாரே, மூணாவது காது எதுக்கு?"ன்னேன். "மன்னிக்கவும் ஐயா"ன்னுது. "மன்னிப்பு வாணாம், மூணாவது கம்மல யாருக்கு விக்கறது சொல்லு"ன்னேன். ஸ்டெல்லா சிரிச்சா பாரு, அன்னிக்கு தான் சிரிச்சா. உங்கம்மாவும் சேந்துக்கினா. "மூணு காது இருந்தாலும் இந்தாளு சொல்றத ஒரு காதுலயும் வாங்கக் கூடாதும்மா"ன்னு அவளுக்கு புத்தி வேற.

அப்பால தான் வெளயாட்டு சூடு புடிச்சுது. ரூல் போட்டது ஸ்டெல்லா. வாத்தியார்கிட்ட ஒரே ஒரு தடவ தான் கேக்கணும். அது இன்னா படம் போட்டாலும், மூணு காதா இருந்தாலும், அத நான் கம்பில செஞ்சு காட்டணும், உக்காந்த எடத்துலயே. ரெண்டாவது படம் கேக்கக் கூடாது. செஞ்சத போட்டோ புடிச்சு வாத்தியார்கிட்டயே காட்டி, இது இன்னான்னு கேக்கணும். அது சரியா சொன்னா அதுக்கு பாயிண்டு, தப்பா சொன்னா எனக்கு பாயிண்டு. ஆண்டர்சன்பேட்டைல மோட்டார் காயில் கட்டுற நம்ம தாஸ் கடைல, கழட்டிப் போட்ட செம்புக் கம்பி எவ்ளோ வேணா குடுப்பான். அத அடுப்புல காட்டி, புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துடுது. பழைய இடுக்கி ஒண்ணு, உங்கம்மா தையல் மிஷின் நூலு, அவ்ளோதான் நம்ம பட்டறை. நான் ஒரு மயில் செஞ்சேன், உன் மயில் மாதிரி இல்ல, வயித்துவலி வந்த மயில். வாத்தியார் அதப் பாத்துட்டு "இது நூடுல்ஸ் வடிகட்டும் கரண்டி போல் தெரிகிறது"ன்னுது. எனக்கு பாயிண்டு. ஒரு பூ செஞ்சேன், "அழகான குழாய் அடைப்பான்"ன்னுது. இன்னொரு பாயிண்டு. கம்மி மார்க் வாங்கி ஜெயிக்கிற பரீட்சை எனக்கு இந்த வயசுல தான் கெடச்சுது.

நீ கேப்ப, "இதெல்லாம் நகையா நைனா?"ன்னு. நகை இல்லடா. ஆனா ஒண்ணு பாத்தேன். வாத்தியாருக்கு கம்பி எப்படி வளையும்னு தெரியாது. எனக்கு அழகா எப்படி நெனைக்கிறதுன்னு தெரியாது. அது எங்கியோ ஆரம்பிச்சு எங்கியோ முடியற கோட்டப் போடும், எந்தக் கம்பியாலும் அப்படிப் போக முடியாது. அத செய்யப் போயி கை எங்கெங்கியோ போவும், நானா உக்காந்திருந்தா ஜென்மத்துக்கும் போவாத எடம். நான் செஞ்ச கோணலப் பாத்து அது உளறும், அந்த உளறல்லயிருந்து இன்னொண்ணு தோணும். நீயும் அதோடதான் நாளெல்லாம் ஒக்காந்திருக்க. ஆனா நீ அத மேஸ்திரி மாதிரி வெச்சிருக்க, அது சொல்றத விட சரியா நீ செய்யணும்னு. நான் அத கோலி ஆட வந்த பையன் மாதிரி வெச்சிருக்கேன்.

இப்ப ஸ்டெல்லா காதுல கீற கம்மல் எப்படி வந்துதுன்னு சொல்றேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவ முறை. பாலகாட்ல அவங்க வூட்டு ஜன்னல தொறந்தா சைனைட் டம்ப் தான் தெரியும்ல, கம்பெனிக்காரன் தங்கத்த எடுத்துட்டு கொட்டிட்டுப் போன மண்ணு மலை. அவ வாத்தியார்கிட்ட, "எங்க ஜன்னல்ல தெரியுற டம்ப் மாதிரி ஒரு கம்மல் போடுங்க சார்"னா. சார்னு மரியாதை வேற! அது இன்னா போட்டுச்சு தெரியுமா? பனி மூடுன மலை, சுத்தி தேவதாரு மரம், மேல ஒரு கழுகு. மாட்டுனா காது மரத்துப்போற மாதிரி ஒரு குளிரு. ஆனா அந்த மலை உச்சியிலிருந்து அடி வரைக்கும் கோடு கோடா வளைஞ்சு எறங்குது. நம்ம டம்ப்புல மழத்தண்ணி ஓடி ஓடி வாய்க்கா வாய்க்காலா அறுத்து வெச்சிருக்கும் பாரு, அதே மாதிரி. நான் தலையச் சொறிஞ்சுக்கினு இருந்தேன், மலைய எப்படிடா காதுல தொங்க வுடறதுன்னு. உங்கம்மா காப்பி கொண்டாந்தா. தட்டு வெக்க எடமில்லன்னு டேப்ப அந்தப் பக்கமா திருப்பித் தள்ளிட்டா. தள்ளிட்டு அவளே குனிஞ்சு பாத்தா. "இன்னாய்யா, இந்த லோலாக்கு நல்லாகீதே!"ன்னா.

நாங்க ரெண்டு பேரும் எட்டிப் பாத்தோம். மலை தலைகீழா கீது. தலைகீழா நின்ன டம்ப்பு லோலாக்குதான்டா! உச்சி கீழ வந்து குறுகி முடியுது, வாய்க்கா எல்லாம் சுத்திச் சுத்தி எறங்குது. கழுகும் தலைகீழா தொங்குது, அத உட்டுட்டோம். பெங்களூருல நீ ஏசி ரூம்ல ஒக்காந்து தேடுன டிசைன, உங்கம்மா காப்பித் தட்டு வெக்க எடம் தேடிக் கண்டுபுடிச்சுட்டா. அன்னியிலிருந்து அவளுக்கு ஒரே தலைகனம். "டிசைனு என்னோடது, கம்பி வளைக்கிறது மட்டும் இவரு"ன்னு தெரு முழுக்க சொல்லிக்கினு திரியறா.

செய்யறதுன்னு ஆனப்புறம் நான் கொஞ்சம் சீரியஸாயிட்டேன், சொல்றதுக்கு வெக்கமா கீது. தங்கச் சுரங்கத்து ஷாப்ட்டுல கேஜ் தொங்குற இரும்பு ரோப்ப பின்னி, அறுந்தத சேக்குற வேலை நான் பாத்தது. கேஜ்ல ஆளுங்க நின்னுக்கினு பாதாளத்துக்கு எறங்குவாங்க, உசுரே அந்தக் கம்பில தான். மைன்ஸ் மூடுனப்புறம் பெங்களூருல லிப்டுக்கு அதே வேலை. அதனால கம்பி கைக்கு வந்தா என் வெரலு தானா முறுக்கும், நான் சொல்லவே வாணாம். நடுவுல நூலு வெச்சு, சுத்தி செம்புக் கம்பிய முறுக்கி, அந்த முறுக்கையே வாய்க்காலா எறக்குனேன். நல்லா வந்துது. மொதல் ஜோடி கனமா போச்சு, ஸ்டெல்லா மாட்டிட்டு "மாமா, இதுல ஒரு ஷிப்டு ஆளுங்கள எறக்கலாம்"னு கழட்டிட்டா. ரெண்டாவது ஜோடிக்கு மெலிசுக் கம்பி எடுத்தேன். பஞ்சு மாதிரி.

அந்த ஜோடிய மாட்டிக்கினு கண்ணாடி முன்னாடி நின்னா. இப்படித் திரும்புறா, அப்படித் திரும்புறா. க்வாலிட்டிக்காரி மூஞ்சி. "ரிஜெக்ட் மாமா"ன்னா. எனக்கு சுருக்குன்னுது. "இன்னாம்மா கொற?" "ஒண்ணு என் மூஞ்சியப் பாக்குது. இன்னொண்ணு மூஞ்ச திருப்பிக்கினு பஸ்ஸு வருதான்னு பாக்குது." பாத்தேன். ஆமாடா. ரெண்டுலயும் வாய்க்கா ஒரே பக்கமா சுத்தி எறங்குது. ஒரு காதுல அது கன்னத்துக்கிட்ட வருது, இன்னொரு காதுல கன்னத்த உட்டு ஓடுது. அப்பதான் ஞாபகம் வந்துது. வாத்தியார்கிட்ட, டிசைன மாத்தாம இதே லோலாக்க ஒரு பொண்ணு காதுல போட்டு மட்டும் காட்டுன்னு அன்னிக்கே கேட்டிருந்தோம். அது ஒரு காதுல வலது பக்கம் சுத்துற வாய்க்காலும், இன்னொரு காதுல எடது பக்கம் சுத்துற வாய்க்காலும் போட்டிருந்துது. நான் அதப் பாத்து கைகொட்டி சிரிச்சேன். "வாத்தியாரே, ஒரு ரோப் ஷாப்புல உன்ன ஒருநாள் வெச்சிருந்தா நாங்க எல்லாம் செத்திருப்போம்"னேன். அது "மன்னிக்கவும் ஐயா"ன்னுது. தப்பே பண்ணாத அதுங்கிட்ட நான் மன்னிப்பு வாங்கிட்டேன்.

ஏன்னா எங்க வேலையில அது பெரிய பாவம். ரோப்புல வலது முறுக்கு, எடது முறுக்குன்னு ரெண்டு சாதி கீது. ரெண்டும் நல்ல ரோப்புதான். ஆனா வலது முறுக்கோட எடது முறுக்க சேத்து ஒண்ணாக்குனா, பாரம் ஏறுனதும் ஒண்ண ஒண்ணு பிரிச்சுப்புடும். அதனால கலக்கவே கூடாதுன்னு எங்க மண்டையில அடிச்சு ஏத்தியிருந்தாங்க. அந்த பயத்துல நான் கம்மலயும் கலக்கல. ரெண்டு காதும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக்கினு தொங்கல, தனித்தனியா தொங்குதுன்னு யோசிக்கல. கேஜே இல்லாத எடத்துல கேஜுக்கு பயந்துருக்கேன் பாரு.

சரி, ஒண்ண எடது முறுக்கா செஞ்சுடலாம்னு ஒக்காந்தேன். அங்கதான் மானம் போச்சு. வரல. வெரலு வலது பக்கம் தான் போவுது. எடது பக்கம் திருப்புறேன், நாலு சுத்து வருது, அஞ்சாவது சுத்துல பழைய பக்கமே ஓடிப்போவுது, குடிகாரன் வூட்டுக்குப் போற வழி மாதிரி. இடுக்கிய வெச்சு கட்டாயப்படுத்திப் பாத்தேன், வந்துது, ஆனா முறைச்சுக்கினு ஒக்காந்திருந்துது கம்மல். உங்கம்மா பக்கத்துல ஒக்காந்து அவரைக்கா ஆஞ்சுக்கினு, "கம்பெனி ரோப்பு இவர் கையிலயா இருந்துது, ஆண்டவர் தான் காப்பாத்தியிருக்காரு"ன்னா. மானங்கெட்டு வாத்தியார்கிட்டயே போனேன். இன்னா கொறன்னு சொன்னேன், செஞ்சதக் காட்டுனேன். அது யோசிச்சுட்டு இன்னா சொல்லிச்சு தெரியுமா? "தங்கள் கை பல்லாண்டுப் பழக்கத்தில் ஒரு திசையை விரும்புகிறது ஐயா. வீட்டில் இடது கைப் பழக்கம் உள்ளவர் யாரேனும் இருந்தால், அவரைச் செய்யச் சொல்லிப் பார்க்கலாமே?"

டேய், உங்கம்மா அவரைக்காய கீழ வெச்சுட்டா. நான் அவளப் பாத்தேன், அவ ஸ்டெல்லாவப் பாத்தா, ஸ்டெல்லா டேப்பப் பாத்தா. அப்பால மூணு பேரும் ஒண்ணா கத்துனோம். எடக்கைக்காரா, உன்னத்தான்டா!

அப்ப எனக்கு இன்னொண்ணும் வெளங்கிச்சு. உனக்கு மறந்திருக்காது, நீ ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது தீப்பெட்டில கேஜ் செஞ்ச. கோணி நூல நீயே முறுக்கி ரோப்பாக்கி, மொட்டமாடியிலிருந்து எறக்குவ, ஏத்துவ. தீப்பெட்டில எறும்பு போச்சு, வெல்லம் போச்சு. ஒருநாள் பெரிய சோப்பு டப்பாவுல கோழிக்குஞ்ச ஒக்கார வெச்சு, "செகண்ட் ஷிப்டு எறங்கு"ன்னு எறக்குன. நூலு பத்தல. கீழ நின்ன நான் பெரிய ரோப்புக்காரன்ல, "கொண்டாடா, நைனா சேத்துக் குடுக்கறேன்"னு என் கையால நூல முறுக்கி உன் நூலோட சேத்துக் குடுத்தேன். பாதி எறங்கும்போது சேத்த எடம் தானா சுத்திச் சுத்திப் பிரிஞ்சு, டப்பா கீழ உழுந்துது. துவைக்கப் போட்ட துணி மேல உழுந்ததால குஞ்சு பொழச்சுது, எழுந்து நம்மள ஒரு பார்வை பாத்துட்டு நடந்து போச்சு. உங்கம்மா தொடப்பத்தோட வந்தா, ரெண்டு பேரும் ஓடுனோம். இத்தினி வருசமா அது மக்குன கோணி நூலுன்னே நெனச்சுக்கினு இருந்தேன். இல்லடா. நீ எடக்கையால முறுக்குன எடது முறுக்கு. நான் அத வலது முறுக்கோட சேத்திருக்கேன். உன் ரோப்பு நல்ல ரோப்பு. உழுந்ததுக்கு நான் தான் காரணம், அந்தக் கோழிக்கு யாராவது சொல்லுங்க.

அந்தப் பையன் எங்கடா போனான்? சோப்பு டப்பா கோணலா தொங்குதேன்னு அவன் ஒரு நாளும் யோசிக்கல. குஞ்சு உழுந்த அடுத்த நாளே, உங்கம்மா பாக்காத நேரம், மறுபடியும் நூல முறுக்கிக்கினு இருந்தவன் அவன். உன் கம்பெனில தப்பு வந்தா கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டு மறுபடி போடலாம், அதனால போட்டுக்கினே இருக்க. அதுல உன்மேல தப்பில்ல, எவ்ளோ வேணா தர்றேன்னு அது நிக்கும்போது போதும்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. பிரியாணிப் பந்தியில நானே சொல்லமாட்டேன். ஆனா காதுல ஒரு கம்மல் தான் தொங்கும். ஸ்டெல்லாவும் ஒருத்திதான்.

கல்யாணம் ஆவப்போறவனுக்கு அப்பன் புத்தி சொல்லணுமாம், வாத்தியாரே சொல்லிச்சு. நான் எழுதட்டுமான்னு கேட்டு, "அன்பு மகனே, இல்லறம் என்னும் நந்தவனத்தில்"னு ஆரம்பிச்சுது. நிறுத்துய்யா, அவன் எலி புடிக்கக்கூட நந்தவனத்துக்குப் போனதில்லன்னேன். எனக்குத் தெரிஞ்ச புத்தி இதுதான். உங்கம்மாவும் நானும் எடது முறுக்கும் வலது முறுக்கும். சேத்து முடிச்சா பிரிஞ்சுடும்னு நானே சொல்லியிருப்பேன். பிரியாததுக்குக் காரணம், அவ என்ன கலாய்க்கறத ஒருநாளும் நிறுத்தல, நானும் நிறுத்தல. கோவம் வந்தா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவோம், அப்பால யாராவது ஒருத்தர் தலைகீழா ஒண்ண சொல்லி சிரிப்பு காட்டிடுவோம். நீ அவளுக்கு சரியான மனுசனா இருக்கணும்னு பாத்துப் பாத்து செதுக்காத. கையில கீறத குடு. அவ ரிஜெக்ட்னு சொன்னா, இன்னா கொறன்னு கேளு, சொல்லுவா. நான் கேட்டேன், கம்மல் நல்லாச்சு.

இப்ப வேலைக்கு வா. ஸ்டெல்லா இந்த லெட்டரோட ஒரு பொட்டலம் குடுத்திருப்பா. அதுல வெட்டி வெச்ச செம்புக் கம்பி கீது, நடுவுல வெக்க நூலு கீது, என் சின்ன இடுக்கி கீது. ரிஜெக்ட் ஆனதுல ஒண்ண மாதிரிக்கு வெச்சிருக்கேன், எப்படி முறுக்கியிருக்கேன்னு பிரிச்சுப் பாத்துக்க, ஆனா அதே பக்கம் முறுக்காத, உன் கை எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் உடு. ஸ்டெல்லா ரூலு உனக்கும் தான். ஒரே தடவ. ரெண்டாவது படம் கேக்கக் கூடாது. ரூம்ல ஒக்காந்த எடத்துலயே செய்யணும். முடிஞ்சதும் போட்டோ புடிச்சு வாத்தியார்கிட்ட காட்டி இன்னான்னு கேளு. லோலாக்குன்னு சரியா சொல்லிட்டா கொஞ்சம் கவலைப்படு. நூடுல்ஸ் கரண்டின்னு சொன்னா, நம்ம வூட்டுச் சாமான் தான், தைரியமா கொண்டா. என்னோடதும் அப்படித்தான் பேர் வாங்கிச்சு.

நான் எடது முறுக்கு கட்டாயப்படுத்தி செஞ்ச அந்த முறைக்கிற கம்மலயே போட்டுக்கம்மான்னு சொல்லிப் பாத்தேன், தூரத்துலயிருந்து பாத்தா ஜோடி மாதிரிதான் தெரியும்னேன். ஸ்டெல்லா ஒத்துக்கல. "வாணாம் மாமா. ஒரு காதுக்கு நீங்க செஞ்சாச்சு. இன்னொண்ணு அவரோடது. அவரு வரட்டும்"னா. உங்கம்மா கண்ணு கலங்கிட்டா, வெங்காயம்னு சொன்னா, கையில அவரைக்கா தான் இருந்துது.

எனக்கு பயமில்லடா. நீ செஞ்சுடுவ. உன் எடக்கையால சோறு தின்னவுடாம, பென்சில் புடிக்கவுடாம இந்த ஊரு எவ்ளோ பாடுபட்டுச்சு, அந்தக் கை யாரு சொன்னதையும் கேட்டதில்ல, உன் பேச்சயும் கேக்காது, கம்பியக் குடுத்தா முறுக்கிடும். ஒருவேளை இன்னும் கொஞ்சம் அழகா செய்யலாமேன்னு உனக்குத் தோணுனா, ஒண்ண மட்டும் நெனச்சுக்க. வியாழக்கிழமை கோயில்ல பொண்ணு உனக்கு எடது பக்கம் நிப்பா. நாங்க ரெண்டு வூட்டு ஜனமும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உக்காந்து பாப்போம், போட்டோக்காரன் அவங்கம்மா பக்கத்துலயிருந்து புடிப்பான். எங்களுக்கெல்லாம் கம்மல் போட்ட எடது காது தான் தெரியும், ஜனம் ஆகா ஓகோன்னு உங்கம்மா டிசைன மெச்சிக்கும். வலது காது உன் தோள் பக்கம். அது வெறுசா கீதா, உன் கோணக் கம்மல் தொங்குதான்னு பூசை முடியற வரைக்கும் பாத்துக்கினு நிக்கப்போறவன் நீ ஒருத்தன் தான்.

டீ ஆறிடுச்சா? குடிச்சுட்டு எழுந்து போ. பொட்டலத்த இப்பவே பிரிக்காத, கம்பி மெலிசு, ஸ்டேஷன்ல கொட்டிடுவ.

உன்ன வலது கைக்காரனா மாத்தப் பாத்து தோத்துப்போன ஊருல, மொதல்லயே தோத்துட்டு சிரிச்சுக்கினு ஒக்காந்திருந்த,
உன் நைனா